பங்கைக் கணிப்பதும் பங்கை வரையறுப்பதும்

கூடிச் செய்யும் தொழிலில் வருவாய் வந்த பிறகுதான் வழக்குப் பிறக்கிறது. நால்வர் சேர்ந்து ஒரு கடை வைக்கின்றனர். ஒருவர் இடம் தருகிறார். ஒருவர் முதல் போடுகிறார். ஒருவர் தொழில் நுணுக்கம் அறிந்தவர். மற்றொருவர் காலை முதல் இரவு வரை நின்று உழைப்பவர். ஆண்டு முடிவில் கிடைத்த இலாபத்தில் யாருக்கு எவ்வளவு? நால்வருள் ஒருவர் இல்லையெனினும் அந்த இலாபம் இந்த அளவுக்கு வந்திராது. ஆயினும் நால்வரும் சமம் என்று சொல்லிவிடவும் மனம் ஒப்பவில்லை. ஊர்ப் பெரியவர்களும் நீதிமன்றங்களும் காலங்காலமாக விடை கூறிவந்த இக்கேள்வியை, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கணித அறிஞர்கள் கையில் எடுத்தனர். இன்று குவாண்டம் கணிப்பொறி ஆய்வாளர்களும் அதே கேள்வியோடு மல்லாடுகின்றனர்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். பங்கு, உரிமை, நடுவுநிலைமை ஆகியவை கணிதத் துறைக்கு எழுதிவைக்கப்பட்ட சொத்துகள் அல்ல என்பதே அவர்களுக்கு என் விடை.

ஜான் வான் நியூமன் என்னும் அங்கேரியக் கணித மேதையின் இரண்டு நூல்களை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 1932ஆம் ஆண்டில் குவாண்டம் இயற்பியலுக்குத் திண்ணிய கணித அடித்தளம் அமைத்து ஒரு நூலை வெளியிட்டார். 1944ஆம் ஆண்டில் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் என்னும் பொருளியலாருடன் இணைந்து, விளையாட்டுக் கோட்பாடு என்னும் புதுத் துறையை ஒரு பெருநூலால் நிலைநாட்டினார். கணிப்பொறியின் அமைப்பை வகுத்தவர்களுள்ளும் அவர் ஒருவர். ஒரே மனிதரின் மேசையில் பிறந்த இப்பிள்ளைகள் பிற்காலத்தில் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்து, ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

விளையாட்டுக் கோட்பாட்டில் ‘விளையாட்டு’ என்பது பொழுதுபோக்கன்று. தம் நலன் கருதி முடிவெடுப்போர் பலர் கூடும் இடமெல்லாம் அதற்கு விளையாட்டே. அவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டு கூட்டாகச் செயற்பட்டால், கிடைக்கும் பயனை எவ்வாறு பகிர்வது என ஆராயும் பகுதி கூட்டுறவு விளையாட்டுக் கோட்பாடு. இப்பகுதியின் நடுநாயகமான விடையை 1953இல் தந்தவர் லாயிட் ஷாப்லி என்னும் அமெரிக்கர். புகழ்பெற்ற வானியலார் ஹார்லோ ஷாப்லியின் மகன் இவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் படைப்பணியில் இருந்து, சோவியத்து வானிலைக் குறியீட்டை அவிழ்த்துப் பதக்கம் பெற்றவர். 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு இவருக்கும் ஆல்வின் ராத்துக்கும் கிடைத்தது.

ஷாப்லியின் எண்ணம் எளிது. கூட்டாளிகள் ஒருவர்பின் ஒருவராக அறைக்குள் நுழைவதாகக் கொள்வோம். ஒருவர் நுழையும்போது கூட்டின் மதிப்பு எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு அவருடைய பங்களிப்பு. ஆனால் முன்னே வந்தாரா பின்னே வந்தாரா என்பதைப் பொறுத்து அது மாறும். ஆகவே நுழையத்தக்க வரிசைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு சராசரி காண்க என்றார் அவர். அதுவே ஷாப்லி மதிப்பு.

நூல்கள் பலவற்றில் வரும் கையுறைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதலாமவரிடம் இடக்கை உறை ஒன்று உள்ளது. இரண்டாமவரிடமும் மூன்றாமவரிடமும் வலக்கை உறை ஒவ்வொன்று உள்ளது. இணையாகச் சேர்ந்தால் 60 ரூபாய்க்கு விற்கும். ஒற்றை உறை எதற்கும் உதவாது. மூவர் நுழையும் வரிசைகள் ஆறு. அவற்றுள் நான்கில் முதலாமவர் வந்தபோதுதான் இணை நிறைவுறுகிறது. ஏனைய இருவருக்கும் தலைக்கு ஒரு வரிசையே அமைகிறது. எனவே பங்கு 40, 10, 10 ரூபாய். ஆனால் இதே துறையில் ‘கரு’ என்று சொல்லத்தக்க வேறொரு தீர்வும் உண்டு. எந்தச் சிறு குழுவும் பிரிந்துபோய்த் தமக்கு மேலும் நன்மை தேடிக்கொள்ள இயலாத பகிர்வு எதுவோ அதுவே அதன்படி நிலைக்கும். அவ்வாறு பார்த்தால் 60 ரூபாயும் முதலாமவருக்கே. வலக்கைக்காரர் இருவருக்கும் ஒன்றுமில்லை. ஒருவர் 10 ரூபாய் கேட்டால், மற்றவர் 5 ரூபாய்க்கு உடன்படுவார். அவரையும் தாழ்த்தி முன்னவர் ஒரு ரூபாய்க்கு இறங்குவார். ஈற்றில் இருவர் கையும் வெறுங்கை. வேலை ஒன்றுக்குப் பத்துப் பேர் நிற்கும் ஊரில் கூலி எவ்வாறு கரைகிறது என்பதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. இரண்டு விடைகளும் பிழையற்ற கணிதமே. எது நியாயம் என்பதைக் கணிதம் சொல்லவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். மூவருக்கு ஆறு வரிசைகள். பதின்மருக்கு 36,28,800. எட்டாம் நூற்றாண்டில் பசுராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு யாப்பிலக்கணத்தை வகுத்தவர். அவரே மூன்று மெய்கள் கொண்ட வேரை ஆறு வகையாக மாற்றி மாற்றி அடுக்கி, எவை வழக்கில் உள்ளன, எவை இல்லை என்று பிரித்து அகராதி கண்டவர். நம் யாப்பும் இவ்வழியில் நடப்பதே. நேர், நிரை என்னும் அசைகள் இரண்டு. ஈரசைச் சீர் நான்கு, மூவசைச் சீர் எட்டு, நாலசைச் சீர் பதினாறு; அசை ஒன்று கூடுந்தோறும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. ஓர் ஆள் கூட்டணியில் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்பதும் நேர், நிரை போன்றதே. இருபது பேரைக் கொண்டு அமைக்கத்தக்க கூட்டணிகள் 10,48,576. நூறு பேரெனின் அவ்வெண் 31 இலக்கங்களுக்கு நீளும். இத்தகைய எண்ணிக்கைகளை ஆளும் கலையே சேர்வியல். சீர் வாய்பாட்டை மனனம் செய்த தமிழ் மாணவருக்குச் சேர்வியலின் முதல் பாடம் முன்பே முடிந்துவிட்டது; பெயர்தான் சொல்லித் தரப்படவில்லை.

எண்ணுவதால் என்ன பயன்? லக்சம்பர்க் என்னும் சிறு நாட்டைக் கேட்டால் சொல்லும். 1958இல் செயற்படத் தொடங்கிய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர் மன்றத்தில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி ஆகியவற்றுக்கு நான்கு நான்கு வாக்குகள், பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் இரண்டிரண்டு, லக்சம்பர்க்குக்கு ஒன்று. மொத்தம் 17. ஆணையம் முன்மொழிந்த ஒன்றைத் தகுதிப் பெரும்பான்மையால் நிறைவேற்ற 12 வாக்குகள் வேண்டும். மக்கள்தொகையை எண்ணிப் பார்த்தால் லக்சம்பர்க்குக்கு ஒரு வாக்கு என்பதே பெருந்தன்மையான கொடை. ஆனால் அவ்வாக்கு ஒரு முடிவை மாற்ற வேண்டுமாயின் மற்றவர்கள் சேர்ந்து சரியாக 11 வாக்குகள் பெற்றிருக்க வேண்டும். மற்றவர் வாக்குகள் அனைத்தும் இரட்டைப்படை. நான்கையும் இரண்டையும் எப்படிக் கூட்டினும் பதினொன்று வாராது. 1973இல் புதிய நாடுகள் சேர்ந்து வாக்குகள் மாற்றியமைக்கப்படும் வரை, இவ்வகை வாக்கெடுப்பில் லக்சம்பர்க்கின் கை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒன்றே. வாக்கு இருந்தது, வலிமை சுழியம். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் எவரும் வஞ்சகம் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. எண்ணிப் பார்க்காமையே போதும்.

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தின் கணக்கு இதனினும் உறைப்பானது. 1954இல் ஷாப்லியும் மார்டின் ஷூபிக்கும் அன்றைய 11 உறுப்பினர் மன்றத்தை ஆராய்ந்து, தடுப்புரிமை பெற்ற ஐந்து வல்லரசுகளிடம் 98.7 விழுக்காடு ஆற்றல் குவிந்துள்ளதெனக் கண்டனர். 1965இல் நிலையற்ற உறுப்பினர் எண்ணிக்கை ஆறிலிருந்து பத்தாக உயர்ந்தது. சிறு நாடுகளுக்கு இடம் கிடைத்ததென்று மகிழ்ந்தனர். ஒன்பது வாக்குகள் வேண்டும், ஐவரும் மறுக்கக் கூடாது என்னும் இன்றைய விதிப்படி அதே கணக்கைப் போட்டால் ஐவரின் ஆற்றல் ஏறத்தாழ 98.1 விழுக்காடு. பத்து நாடுகளும் சேர்ந்து மிச்சமுள்ள இரண்டுக்கும் குறைவான விழுக்காட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நாற்காலி கூடியது, பங்கு கூடவில்லை.

இவை சிறு மன்றங்கள். உறுப்பினர் பெருகினால் கணக்கு மலைக்கச் செய்யும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் மாநிலங்களின் ஆற்றலைக் கணிக்க 1960இல் இர்வின் மேனும் ஷாப்லியும் முயன்றனர். ஐம்பது மாநிலங்களின் கூட்டணிகள் சுமார் 1,125 இலட்சம் கோடி. அவர்கள் முதலில் சூதாட்ட நகரின் பெயர் பெற்ற மாண்டி கார்லோ முறையைக் கையாண்டனர். அதாவது வரிசைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல எடுத்துப் பார்த்து மதிப்பீடு செய்தனர். 1962இல் அதே இருவரும், சேர்வியலின் பழைய கருவியான பிறப்பாக்கச் சார்பைக் கொண்டு துல்லியமான விடையே கண்டனர். கூட்டணிகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், இத்தனை மாநிலம் சேர்ந்து இத்தனை வாக்குப் பெறும் வழிகள் எத்தனை என்று தொகுத்து எண்ணியதே சூட்சுமம். புதிய பொறி எதுவும் வேண்டியிருக்கவில்லை. புதிய பார்வை வேண்டியிருந்தது. இதனைக் குவாண்டம் ஆர்வலர்கள் அடிக்கடி நினைவிற்கொள்வது நலம். ஆயினும் எல்லாக் கணக்கும் இவ்வாறு பணிந்துவிடாது. வாக்கு எடைகள் பெரியனவாக இருக்குமாயின் ஷாப்லி மதிப்பைத் துல்லியமாகக் காண்பது மிகக் கடினமான கணக்குகளின் வகுப்பைச் சேர்ந்தது என 1994இல் நிறுவப்பட்டது.

குவாண்டம் கணிப்பொறி இவ்விடத்தில்தான் நுழைகிறது. அதைப்பற்றிச் செய்தித்தாள்கள் எழுதுவனவற்றுள் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிக்க வேண்டும். எல்லாக் கூட்டணிகளையும் ஒரே நேரத்தில் சோதித்து விடையைக் கையில் கொடுத்துவிடும் என்பது பிழை. நூறு குவாண்டம் துகள்களை மேற்பொருந்திய நிலையில் வைத்தால், அந்த 31 இலக்க எண்ணிக்கையிலான நிலைகள் யாவும் ஒருங்கே அதில் அடங்கியிருக்கும் என்பது மெய். ஆனால் அளந்து பார்த்த மாத்திரத்தில் ஒன்றே ஒன்று தென்படும், மற்றவை மறைந்துவிடும். குளத்தில் எறிந்த இரு கற்களின் அலைகள் சில இடங்களில் கூடி உயர்வதையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழிப்பதையும் போல, வேண்டாத நிலைகள் தம்முள் அழிந்து வேண்டிய நிலை ஓங்குமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டும். அந்த ஏற்பாடே குவாண்டம் படிமுறை. 1996இல் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய லவ் குரோவர் என்னும் இந்தியர் கண்ட தேடல் முறை இத்தகையது. பத்து இலட்சம் பெட்டிகளுள் ஒன்றைத் தேடச் சுமார் ஆயிரம் படிகள் போதும் என்றார் அவர்.

இம்முறையின் வழிவந்த வீச்சு மதிப்பீடு என்பதே நம் பங்குக் கணக்குக்கு உதவுவது. சீட்டுக் குலுக்கும் முறையில் ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழைக்குள் விடை வேண்டுமாயின் பத்து இலட்சம் அளவில் சோதனைகள் வேண்டும். வீச்சு மதிப்பீட்டில் ஆயிரம் என்ற அளவு போதும். 2023ஆம் ஆண்டில் கனடா, பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் ஷாப்லி மதிப்புக்கென்றே ஒரு குவாண்டம் படிமுறையை வெளியிட்டனர். அதன் உயிர்நாடி 1972இல் கில்லர்மோ ஓவன் கண்ட ஓர் அழகிய உண்மையோடு ஒத்தது. கூட்டத்துக்கு வருவோர் ஒரு மணி நேரத்துக்குள் எந்த நொடியிலும் வரலாம் எனக் கொள்க. அம்மணியின் கால் பங்கு கடந்தபோது ஒவ்வொருவரும் வந்திருக்கும் வாய்ப்புக் கால். அரைப்பங்கு கடந்தபோது அரை. இவ்வாறு எல்லா நொடிகளுக்கும் சராசரி கண்டால் வரிசைகளை எண்ணாமலே ஷாப்லி மதிப்பு வந்துவிடும். ஆளுக்கொரு குவாண்டம் துகளும், நேரத்தைக் குறிக்கச் சில துகள்களும் போதும். நேரம் மேற்பொருந்திய நிலையில் நிற்க, ஒவ்வோர் ஆளும் அந்நேரத்துக்குரிய அளவு ‘வந்தும் வராமலும்’ நிற்பார். இயற்பியலும் சேர்வியலும் பங்கீடும் ஒரு கோட்டில் நிற்கும் இவ்விடத்தைப் படித்தபோது, நல்ல வெண்பா ஒன்றின் ஈற்றடி வந்து விழுந்தாற்போல இருந்தது.

வியப்பு வேறு, மதிப்பீடு வேறு. இன்றைய குவாண்டம் பொறிகள் பிழை மலிந்தவை. 2024இல் கூகுள் நிறுவனம் அறிவித்த வில்லோ என்னும் சில்லில் 105 துகள்கள் இருந்தன. பிழைதிருத்தத்தில் அது ஒரு பெரிய எட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மெய்யான பெருங்கணக்கை நடத்த இன்னும் நெடுந்தொலைவு உண்டு. இந்தியாவும் 2023இல் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்துள்ளது. பொதுப்பணம் செலவாகும் துறையைப்பற்றிப் பொதுமக்கள் தம் மொழியில் பேச இயலாதிருப்பது நன்றன்று.

என் கவலை அதனினும் ஆழமான ஓரிடத்தில் இருக்கிறது. ஷாப்லி தம் விடையை வானத்திலிருந்து இறக்கவில்லை. சில நிபந்தனைகளை முதலில் வகுத்தார். அவற்றை நிறைவு செய்யும் பங்கீடு ஒன்றே ஒன்றுதான் என்று மெய்ப்பித்தார். முழுப்பயனும் பகிரப்பட வேண்டும். ஒத்த பங்களிப்புக்கு ஒத்த பங்கு. இரு தொழில்களின் பங்கைத் தனித்தனியே கண்டு கூட்டினாலும் சேர்த்துக் கண்டாலும் ஒன்றாக வேண்டும். இவற்றோடு, எக்கூட்டிலும் எதையும் கூட்டாதவருக்கு எதுவும் இல்லை என்பதும் ஒன்று. கடையில் இது சரி. வீட்டில்? தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் படுக்கையில் இருக்கும் தாயும் குடும்ப வருவாயில் எதைக் கூட்டினர்?

அல்காரிதம் என்னும் சொல்லின் வரலாறே இக்கேள்விக்கு வேறொரு முகத்தைக் காட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து இச்சொல்லாயிற்று. அவருடைய அல்ஜப்ரா நூலின் பெரும்பகுதி மரணசாசனமும் வாரிசுரிமையும் பற்றிய பங்கீட்டுக் கணக்குகளே. அங்கே பங்கு உழைப்பால் வருவதன்று, உறவால் வருவது. பச்சிளங்குழந்தைக்கும் முதிய தாய்க்கும் உரிய பின்னம் முன்பே விதிக்கப்பட்டிருக்கிறது. கணிதம் அவ்விதிக்குப் பணிந்து வேலை செய்கிறது. ஷாப்லியின் முறைக்கும் இம்முறைக்கும் இடையே உள்ள வேற்றுமை கணக்கின் வேற்றுமையன்று. பங்கு என்றால் என்ன என்பதில் உள்ள வேற்றுமை. எத்தனை விரைவான பொறியும் இவ்விரண்டுள் ஒன்றைத் தேர்ந்து தராது.

இது ஏட்டுச் சர்ச்சை என எண்ணற்க. 2017இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணிப்பொறி எடுத்த முடிவை விளக்க ஷாப்லி மதிப்பைப் பயன்படுத்தும் முறை ஒன்றை வெளியிட்டனர். இன்று அது உலகெங்கும் பரவியுள்ளது. கடன் கேட்ட ஒருவரைப் பொறி மறுத்துவிடுகிறது என்று கொள்வோம். ஏன் என்று கேட்டால், மறுப்பில் வருமானத்தின் பங்கு இவ்வளவு, வயதின் பங்கு இவ்வளவு, குடியிருக்கும் தெருவின் பங்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல் வருகிறது. இங்கே கூட்டாளிகள் மனிதர் அல்லர். ஒரு மனிதரின் விவரங்கள். வயது ‘அறைக்குள் நுழையாத’ மனிதர் என்றால் யார்? வயதே இல்லாத ஒருவரைக் காட்ட இயலாது. ஆகவே வேறு மக்களின் வயதுகளை அவ்விடத்தில் நிரப்பிச் சராசரி காண்கின்றனர். எந்த மக்களின் வயதுகள்? நகரத்தாருடையனவா, சிற்றூராருடையனவா? தேர்ந்த கூட்டம் மாறினால் பட்டியலும் மாறும். அதே மனிதர், அதே மறுப்பு, வேறு காரணம். குவாண்டம் பொறி வந்தால் இப்பட்டியல் விரைவில் வரக்கூடும். ஒப்பிடத் தேர்ந்த கூட்டம் எது என்பதை யாரோ ஒருவர் முன்னதாகவே முடிவு செய்திருப்பார். மறுக்கப்பட்டவரின் கைக்கு வரும் தாளில் அது பெரும்பாலும் இராது.

அத்தாளை வாங்கி, ‘எவரோடு ஒப்பிட்டீர்கள்?’ என்று கேட்கத் தெரிந்தவர்கள் கணிதத் துறையில் மட்டும் இருத்தல் போதாது. வரும் கல்வியாண்டில் நம் தமிழ்த்துறை மாணவரும் கணிதத்துறை மாணவரும் ஒரு பிற்பகல் கூடியமர்ந்து, 1958ஆம் ஆண்டின் அந்த ஆறு நாட்டு வாக்குப் பட்டியலைத் தாளும் எழுதுகோலும் கொண்டு தாமே போட்டுப் பார்க்கலாம். கூட்டணிகள் அறுபத்து நான்குதான். கணிதத்துறையினர் எண்ணட்டும், ‘வாக்கு’ என்னும் சொல்லுக்கு அன்றைய ஒப்பந்தம் கொண்ட பொருள் என்ன என்று நம்மவர் கேட்கட்டும்.